மனம் மாறிய குரு

பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவக் குப்பங்களுக்கு அருகே, ஒல்லாந்தர் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பித் துணி வாணிகம் நடத்தியவர்கள் அவர்கள். வாங்கியது துணியை மட்டுமா? பஞ்சமும் போரும் வாட்ட, பெற்ற மக்களையே பெற்றோர் விற்க நேர்ந்தபோது, அம்மக்களையும் வாங்கினர். ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினர். கையில் விவிலியம், கணக்கேட்டில் மனித விலை!

அதே நூற்றாண்டில், அதே விவிலியத்தை ஏந்தி, பிரான்சிலே வாழ்ந்தார் வின்சென்ட் தெ பால்.

1581-இல் உழவர் வீட்டில் பிறந்தவர். 1600-இல் குருப்பட்டம் பெற்றவர். தொண்டாற்றவா? இல்லை, வருவாயுள்ள பதவி தேடி! பயிலும் நாளில், எளிய உடையில் நொண்டியபடி வந்த தந்தையைக் காண நாணி மறுத்தவர். முதுமையில் அதனைத் தாமே சொல்லி வருந்தினார்.

அவரை மாற்றியது எது? வானத்து அசரீரியா? அன்று, வறியவர் குடிசை! 1617-இல் சாத்தியோன் என்னும் சிற்றூரில், ஒரு குடும்பமே நோயில் வீழ்ந்து கிடப்பதைக் கோயிலில் எடுத்துரைத்தார். கேட்டவர்கள் உணவேந்தி ஓடினர், வழியெங்கும் கூட்டம். கண்டு பூரிக்கவில்லை அவர், சிந்தித்தார். இன்று குவிந்த உணவு கெட்டுப்போகும்; நாளை அக்குடும்பம் மீண்டும் பசித்திருக்கும். இரக்கம் உண்டு, ஒழுங்கு இல்லை! ஊர்ப் பெண்களைத் திரட்டி, நாளுக்கு ஒருவர் என முறை வகுத்துச் சங்கம் கண்டார்.

1625-இல் நாட்டுப்புற ஏழைகளுக்கெனக் குருக்கள் சபை. 1633-இல் லூயிஸ் தெ மரியாக் அம்மையாருடன் இணைந்து அன்புப் புதல்வியர் சபை. மடத்துச் சுவருக்குள் அடைபடுவதே கன்னியர் கடமை என்றிருந்த காலத்தில், உழவர் வீட்டு மகளிர் தெருவில் நடந்தனர். நோயாளியின் படுக்கையருகே நின்றனர்.

வட ஆப்பிரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கிறித்தவர்க்கும் 1645 முதல் துணைவர்களை அனுப்பினார். பழவேற்காட்டில் கப்பலேறிய தமிழனுக்கு வந்தவர் யார்? 1660-இல் அவர் மறைந்தபோதும், சோழமண்டலக் கரையில் அடிமைக் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அவர் பெருமையைக் குறைக்க இதனைக் கூறவில்லை. ஈகையின் எல்லையைக் காட்டவே கூறுகிறோம். புயலடித்தால் குப்பத்துக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு செல்கிறோம். மறுநாள் என்ன என்று கேட்டார் வின்சென்ட். அது பெரிய கேள்வி. அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு: ஒவ்வொரு முறையும் அவனே கையேந்த நேர்வது ஏன்? ஈகை பசியாற்றும். அக்கேள்விக்கு விடை காண்பதே நீதி!