புள்ளி ஒன்றுதான், அளவுகோல் ஒன்றா?



கம்போங் மேடானில் நடந்த ஒரு கலந்துரையாடலை வழிநடத்தப் போயிருந்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "ஏம்மா, எஸ்.டி.பி.எம். எழுதின என் மகளுக்கும் நாலு பாயிண்ட், மெட்ரிகுலேஷன் படிச்ச பிள்ளைக்கும் நாலு பாயிண்ட்டுன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுன்னா, இவ மட்டும் ஏன் ஆறு மாசம் கூடப் படிக்கணும்?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது. நேரம் போதவில்லை என்று சொல்லி நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால்தான் அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்.

1969 மே 13 சம்பவத்திற்குப் பிறகு, மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் நிலையை ஆராய மஜிட் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அன்று மருத்துவம், பொறியியல், அறிவியல் துறைகளில் மலாய் மாணவர்கள் மிகக் குறைவு. கம்பத்துப் பள்ளிகளில் அறிவியல் கற்க வசதி இல்லாததே அதற்குப் பெரிய காரணம். பல்கலைக்கழகம் நாட்டின் இன அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று 1971இல் அக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவில் 8A என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டு, உயர்கல்வி இடங்களை ஒதுக்கீடு செய்யச் சட்டம் வழிவிட்டது. பின்னாளில் பூமிபுத்ராக்களுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற விகிதம் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அதில் ஒளிவுமறைவு இல்லை. இத்தனை இடம் இன்னாருக்கு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த காலத்தில், 2002 மாணவர் சேர்க்கையிலிருந்து ஒதுக்கீடு போய், தகுதி முறை வந்தது. தகுதி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் மகிழ்ந்தோம். படிக்கிற பிள்ளைக்கு இனி இடம் நிச்சயம் என்று நினைத்தோம். முடிவு வந்தபோது மொத்தம் 32,752 இடங்களில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு 22,557, சீனர்களுக்கு 8,665, இந்தியர்களுக்கு 1,530 கிடைத்தன. நமது பங்கு 4.67 விழுக்காடு. 2000ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் நாம் 7.7 விழுக்காடு!

தகுதி முறையில் இது எப்படி நேர்ந்தது? விடை அந்தத் தாயின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழக வாசலுக்கு இரண்டு பெரிய பாதைகள் இருந்தன. ஒன்று ஆறாம் படிவம். அதன் முடிவில் மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம். தேர்வு. மற்றொன்று மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு. அதன் தேர்வை நடத்துவது கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவு. பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு, படிக்கும் காலம் வேறு. இரண்டின் முடிவையும் 4.0 என்ற ஒரே அளவுக்குக் கொண்டு வந்து, ஒரே வரிசையில் நிறுத்தினார்கள்.

படியால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் ஒரே கணக்கில் எழுதினால் என்ன ஆகும்? மெட்ரிகுலேஷன் மாணவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் உழைத்துப் படித்தவர்கள்தாம். இரு தரப்பும் ஒரே தேர்வை எழுதாதவரை, யார் முந்தியவர் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

மெட்ரிகுலேஷன் கதவு பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 2003இல்தான் 10 விழுக்காடு திறந்தது. 2004இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுமையாக 4.0 பெற்ற 128 மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தன. 90க்கு 10 என்ற விகிதத்தை மட்டும் தொடவில்லை. 2024 ஜூன் மாதம், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் 8ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

தேர்வுப் புள்ளியைக் கையாள்வதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் இனத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில், மருத்துவத்துக்குத் தமிழில் தேர்வு எழுதியவர் 400க்கு 250 எடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. இதைத்தான் தரப்படுத்தல் என்றார்கள். 1974இல் மாவட்ட வாரியான ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு அது இன்னோர் அடி. ஆனால் அதே ஒதுக்கீட்டால் மன்னார், மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓரளவு வழி பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பிறந்த ஊரில் நல்ல பள்ளி இல்லை என்பதற்காகக் கைகொடுப்பது வேறு. பேசும் மொழிக்காகக் கோட்டை உயர்த்தி வைப்பது வேறு. மொழியைப் பார்த்துப் போட்ட கோடு ஒரு தலைமுறையின் நம்பிக்கையை முறித்தது. அதற்கு அந்த நாடு கொடுத்த விலையை உலகமே அறியும்.

அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? கம்போங் மேடானைப் பார்த்த பிறகு, ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2001 மார்ச் மாதம் இங்கு மூண்ட இனக் கலவரத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே தகுதி முறை வந்தது. புறம்போக்குக் குடிசைகளிலும் நீண்ட வீடுகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளையும், பெட்டாலிங் ஜெயாவின் பங்களா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கேள்வித்தாளின் முன்னால் உட்கார வைத்து, ஓடு என்றால், அது எப்படிச் சமமான ஓட்டமாகும்?

இங்கே தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு உதவும். மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்ததும் அரசுப் பள்ளி மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள். 2020இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, அதே நீட் தேர்வில் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம். எவருடைய மதிப்பெண்ணையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்த பள்ளியைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். நீட் தேர்வைப் பற்றிய சண்டை தனியாக நடக்கட்டும், இந்த 7.5இல் ஒளிவு எதுவும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. பல்கலைக்கழகத்திற்குள் நுழைய எல்லாருக்கும் ஒரே பொதுத் தேர்வு. அதற்கு மேல், இனம் பாராமல், ஏழைப் பிள்ளைக்கும் வசதியற்ற பள்ளியின் பிள்ளைக்கும் சட்டம் போட்டு வெளிப்படையாகக் கொடுக்கும் இடங்கள். கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. மறைவாகக் கொடுத்தால், வாங்குகிற பிள்ளையையும் ஊர் சந்தேகத்தோடு பார்க்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் ஐந்தாம் படிவம் முடித்தபோது மெட்ரிகுலேஷன் என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விண்ணப்பிக்கவில்லை; டிப்ளோமா படிக்கப் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெரியாமல் விட்டது ஒரு வாய்ப்பு. எஸ்.பி.எம். எழுதியதும் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக் என எல்லாக் கதவையும் தட்டச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய நாள் தவறாதீர்கள்.

அன்று பதில் சொல்லாமல் விட்ட அம்மாவுக்கு இன்று சொல்கிறேன். இரண்டு நாலு பாயிண்ட்டும் ஒன்றுதான் என்று இதுவரை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை, அம்மா. காட்டும்வரை உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்; நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம்.