எஸ்டேட் வாசலோடு நின்ற மருத்துவம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெரியவர்களிடம், "உங்கள் காலத்தில் டாக்டர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. டிரெஸ்ஸர் பெயரைத்தான் சொல்வார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், ரொம்பின், கெமாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். நம் சமூகத்தவரில் பால் மரம் வெட்டியவர்கள் குறைவு. தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணங்களில் மளிகைக் கடை வைத்தவர்களும், துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லயம் லயமாகச் சென்று விற்றவர்களுமே அதிகம். ஆனால் காய்ச்சல் கண்டால் அவர்களில் பலரும் ஏறியது அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிப் படியைத்தான். அந்த ஆஸ்பத்திரிகள் எப்படி வந்தன, அவற்றில் வேலை செய்ய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள், பிறகு எப்படி மறைந்தன என்பதை நம் பொன்விழா மலரில் கொஞ்சமாவது பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. கெமாஸிலிருந்து பகாவுக்கு 1910இல் ரயில் வந்தது. பாதை போன பக்கமெல்லாம் காடு அழிந்தது, ரப்பர் எழுந்தது, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். வந்த வேகத்திலேயே செத்தும் போனார்கள். 1911ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் அந்த ஒரே ஆண்டில் இறந்தார்கள். நூறு பேர் இருக்கும் ஒரு லயத்தில் வருடத்துக்கு ஆறு சாவு. அதுவும் முதியவர்கள் அல்லர், வேலைக்கென்று பொறுக்கி எடுத்து வந்த இளவயதினர்.

பெரும் கொலைகாரன் மலேரியா. கிள்ளானில் 1901இல் மலேரியாத் தடுப்பு வேலையைத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் காய்ச்சல் குறைகிறது. மலைச் சரிவுகளிலோ காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் ஏறுகிறது! காரணம், இரண்டு இடத்திலும் நோயைப் பரப்பும் கொசு வேறு வேறு. மலைப்பக்கத்துக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் பிடிக்கும். காட்டின் நிழல் போனதும் அதற்குக் கொண்டாட்டம். நெகிரி செம்பிலானின் உட்பகுதி முழுக்கக் குன்றும் ஓடையும்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிலத்தடிக் குழாய் பதிப்பதும் நீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் அதன் பிறகு வந்த வேலைகள்.

இன்னொரு நோயின் வரலாறு நம் மாநிலத்துக்கே உரியது. அரிசி விற்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பெரி பெரி என்ற கால்வீக்க நோயில் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த காலம். நெகிரி செம்பிலானின் அரசாங்க மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன், அதே வெயிலில் உழைக்கும் தமிழர்களுக்கு இந்நோய் அநேகமாக வருவதில்லை என்பதைக் கவனித்தார். வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், நம்மவர்கள் புழுங்கல் அரிசி. இதை 1907இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம். அது சரியல்ல என்று பின்னால் தெரிந்தாலும் அரிசியைக் கைகாட்டியது சரிதான். அதே ஆண்டில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள், பகாங் எல்லையை ஒட்டிய ஜெலுபு மாவட்டத்துக் காட்டில், டுரியான் திப்புஸில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். நோய் வந்தது பச்சரிசிக் கூட்டத்துக்கு. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தைத்தான் பின்னால் வைட்டமின் பி1 என்றார்கள். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. டாக்டரே எட்டிப் பார்க்காத லயங்களில் நம் ஜனங்களை ஒரு பெரும் நோயிலிருந்து காத்தது சோற்றுப் பானைதான்.

மற்ற நோய்களுக்குப் பானை போதவில்லை. சாவு எண்ணிக்கை லண்டன்வரை பேச்சாகி, 1911இல் தோட்டத் தொழிலாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் 1912இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தன. ஆஸ்பத்திரி கட்டு என்று தோட்டத்தை வற்புறுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. கட்டடம் எழும்பியது. உள்ளே இருக்க ஆள்? சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1905இல்தான். அங்கே படித்து வெளியே வந்த சிலரும் பட்டணத்தைவிட்டுக் காட்டுக்கு வரவில்லை. ஆகவே ஒரு டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக, வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ காரில் வந்து கையெழுத்துப் போட்டுப் போவார். மீதி நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான்.

டிரெஸ்ஸர் என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்றுதான் பொருள். ஆனால் அவர் செய்யாத வேலை கிடையாது. ஊசி போடுவார், பல் பிடுங்குவார், கொயினாவைக் கண்ணெதிரே விழுங்க வைப்பார், சாக்கடையில் எண்ணெய் அடித்தார்களா என்று பார்ப்பார், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்குப் பால் கலக்கச் சொல்வார், பிரசவம் சிக்கலானால் மருத்துவச்சிக்குத் துணை நிற்பார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இந்த வேலைக்கு வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அதிகம். பால் வெட்டியவரின் மகன் அந்த நாற்காலியில் உட்காரப் பல ஆண்டுகள் ஆயின. எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும், ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. நம் சமூகத்துப் பிள்ளைகளும் இதில் பெரிதாக நுழையவில்லை. கடை இருக்கும்போது அடுத்தவனிடம் சம்பளத்துக்குப் போவதா என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியிருந்தது.

அவர் சம்பளம் வாங்கியது துரையிடம். இங்கேதான் சங்கடம். விடியுமுன் பிரட்டில் பேர் கொடுக்காதவன் நோயாளியா சோம்பேறியா என்று முடிவு செய்வது டிரெஸ்ஸர். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஓய்வு, இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. சீட்டு அதிகமானால் துரை கேட்பார், குறைந்தால் லயம் சபிக்கும். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே தண்ணி மருந்து என்ற கேலி பல தோட்டங்களில் இருந்தது. அதேசமயம், நள்ளிரவில் டார்ச் லைட்டோடு நடந்து வந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய டிரெஸ்ஸரைப் பற்றியும் அதே வாய்கள் பேசும். இரண்டும் உண்மைதான். எங்கள் வீட்டிலேயே வாப்பாவுக்குச் சுன்னத் செய்துவிட்டவர் பக்கத்துத் தோட்டத்து மலையாளி டிரெஸ்ஸர். கூலி வாங்க மறுத்தவருக்குப் பாட்டனார் பிரியாணியும் ஒரு கைலியும் அனுப்பினாராம். டிரெஸ்ஸர் கைவிட்ட நோயாளிகளை லெப்பையிடம் ஓதிப் பார்க்கத் தூக்கி வருவதும் உண்டு. அப்படி வந்தவர்களில் இந்துக்களே அதிகம் என்று பாட்டனார் சொல்வார்.

1926இல் சுகாதார வாரியங்கள் அமைத்து, தோட்டங்களைக் குழுவாகச் சேர்த்து, எல்லோரும் பணம் போட்டு நல்ல மருத்துவர்களை வைக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல யோசனை. முதலாளிகள் செலவுக்கு முணுமுணுத்தார்கள். ரப்பர் விலை விழுந்த 1930களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஜப்பானியர் காலத்தில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. கொயினா தயாரிக்கும் சிங்கோனா மரப்பட்டையில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது, அதுவும் அவர்கள் கையில். ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே நேரம் சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் பகாவ் காட்டில் குடியமர்த்தப்பட்டார்கள். மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. அவர்களை அழைத்துவந்த பிஷப் டெவால்ஸும் 1945இல் நோயுற்று இறந்தார். கொயினாவும் டிரெஸ்ஸரும் இல்லாத பகாவ் எப்படியிருக்கும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் கிராம மருத்துவத் திட்டம் உலகமே பாராட்டும்படி வளர்ந்தது. 50,000 கிராமத்து மக்களுக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், நான்கு துணை நிலையங்கள், இருபது தாதி மருத்துவச்சி கிளினிக்குகள் என்பது கணக்கு. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது முதலாளி பொறுப்பு என்று அரசாங்கத் திட்டம் எஸ்டேட் வாசலோடு நின்றுவிட்டது. ஒரே சாலையின் இரு பக்கத்தில், கம்போங்கில் பயிற்சி பெற்ற தாதி இருப்பார், லயத்தில் பாட்டி இருப்பாள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி. பி. நாராயணன் போன்றவர்களின் முயற்சியில் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலிப் போராட்டமே பெரிதாக இருந்த நிலையில் ஆஸ்பத்திரி எப்போதும் இரண்டாமிடம்தான். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து டிரெஸ்ஸர் வேலைக்கு ஒரு தகுதியை நிர்ணயித்தது. வந்த நேரம் சரியில்லை. 1950களிலேயே பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகள் கைக்குப் போகத் தொடங்கியிருந்தன. முப்பது பேர் வேலை செய்யும் துண்டுக்கு யார் ஆஸ்பத்திரி நடத்துவார்கள்?

பிறகு நடந்தது நாம் பார்த்ததுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் லயம் இருந்த இடத்தில் வீடமைப்பு வந்தது. ஓய்வு பெற்ற டிரெஸ்ஸரின் இடத்தில் புதியவர் வரவில்லை. வெளியேறிய நம் மக்கள் ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்குகிறார்கள். தோட்டத்தில் இப்போது இருப்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். அந்த ஒரு வெள்ளி அவர்களுக்குக் கிடையாது, அதிகக் கட்டணம். பலர் என் போன்றவர்களின் கடைக்கு வந்து பனடோலும் கோடாலித் தைலமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 1911இல் நம்மவர்கள் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்றால் அது மிகை. சாவு அந்த அளவில் இல்லை. ஆனால் சீட்டு எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

டிரெஸ்ஸர் போனதில் இன்னொன்றும் போனது. பல தோட்டங்களில் பிறப்பு இறப்பைக் குறித்து வைத்ததும், பிறப்புப் பத்திரம் எடுக்கச் சொல்லி விரட்டியதும் அவர்தான். நல்ல டிரெஸ்ஸர் இருந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்திரம் இருந்தது, இல்லாத தோட்டத்தில் இன்றும் சிவப்பு அடையாளக் கார்டோடு பேரப்பிள்ளை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆவணச் சிக்கலோடு நம் சங்கத்துக்கு வருபவர்களிடம் முதலில் கேட்பது, எந்தத் தோட்டம், எந்த வருடம், அப்போது டிரெஸ்ஸர் யார் என்பதைத்தான். அவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கிறது. அவர் எழுதிய புத்தகம் எங்கே என்று தேடிப் போனால், அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.