சில்லினுள் ஒரு பாட்டை

கல்முனைப் பகுதியின் வயல்வெளிகளை அறிந்தோர்க்கு வட்டை விதானையார் என்னும் பெயர் புதிதன்று. வாய்க்கால் ஒன்று, அதனை நோக்கியிருக்கும் வயல்களோ பல. எவ்வயலுக்கு எப்போது நீர் பாய்தல் வேண்டுமென முறைப்படுத்துவது அவர் கடமை. முறை பிறழின், வாய்க்காலில் நீரிருந்தும் கடைவயல் காயும். நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு சில்லினுள்ளும் இத்தகையதொரு முறை வேண்டப்பட்டது. அது வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 என்னும் சில்லு 1974-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. செயலியும் நினைவகமும் உள்ளீட்டு வெளியீட்டு வாயில்களும் அதில் ஒருங்கே அமைந்தன. 1980-இல் இன்டெல் வெளியிட்ட 8051 சில்லில், எட்டுக் கம்பிகள் கொண்ட பொதுப்பாட்டை ஒன்று உறுப்புக்களை இணைத்தது. தரவுப் போக்குவரத்தைத் தொடங்கும் உரிமை செயலிக்கே இருந்தது. ஏனையவை கேட்டவிடத்து விடையிறுத்தன. ஆதலின் பிணக்கு எழவில்லை.

செயலியின் துணையின்றியே தரவை இடம்மாற்றும் உறுப்புக்கள் சில்லுக்களிற் புகுந்தபோது நிலைமை மாறிற்று. இரண்டு உறுப்புக்கள் ஒரே கணத்தில் ஒரே கம்பியிற் பேசின் இரண்டின் செய்தியுஞ் சிதையும். ஆகவே நடுவர் என்னுஞ் சுற்று வகுக்கப்பட்டது. யாவும் அதனிடம் அனுமதி வேண்டும். அது ஒரு வேளையில் ஒன்றற்கே வழிவிடும்.

கேம்பிரிட்ஜ் நகரத்து ஆர்ம் நிறுவனம் 1996-இல் ஆம்பா என்னும் விதித்தொகுதியை வெளியிட்டது. விரைவான உறுப்புக்களுக்கு ஒரு பாட்டை, மெதுவானவற்றுக்கு மற்றொன்று, இரண்டிற்குமிடையே பாலம் என அது வகுத்தது. 2003-இல் வந்த ஆக்சி முறை ஐந்து தனி வழிகளை அமைத்தது: படிப்புக்கு முகவரியும் தரவும், எழுத்துக்கு முகவரியும் தரவும் மறுமொழியும். கொடுக்கும் உறுப்பு ‘உண்டு’ எனவும், பெறும் உறுப்பு ‘ஆயத்தம்’ எனவும் ஒருங்கே குறிகாட்டினாலன்றித் தரவு நகராது.

இவ்விதிகள் கட்டணமின்றி யாவர்க்கும் வெளியிடப்பட்டமை பெரும்பயன் விளைத்தது. விதி ஒருவர்க்கே உரியதாயின், பிறர் ஆக்கிய உறுப்பு அவர் சில்லிற் பொருந்தாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துச் சக்தி திட்டத்தார், திறந்த ரிஸ்க்-வி கட்டளைத்தொகுதியையும் ஆக்சியின் பிந்திய வடிவத்தையும் கைக்கொண்டு செயலிகளை வகுத்தனர். அவர்தம் மௌஷிக் சில்லு 2020-இல் வெளிவந்தது.

கல்முனை மாணவன் ஒருவன் நேரங்கணிக்குஞ் சிற்றுறுப்பொன்றை இவ்விதிப்படி வகுப்பானாயின், அது எங்கோ ஒருவர் வகுத்த செயலியோடும் பேசும். வாய்க்கால் முறை ஊரறிந்ததாயிருத்தலாலன்றோ கடைவயலானுந் தன் பங்கைக் கேட்க முடிகின்றது!