சீனத்தில் இரு வைத்தியங்கள் சேர்ந்த கதை

1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆந் திகதி ஷாங்ஹாய் நகரத்துச் சீன வைத்தியர்கள் அரை நாள் நோயாளரைப் பார்க்க மறுத்தனர். மூலிகைக் கடைக்காரர்களும் கதவடைத்தனர். நாட்டின் பல மாகாணங்களிலிருந்து வந்த இருநூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அன்று அந்நகரத்திலே கூடினர். கூட்டத்துக்குக் காரணம் ஒரு தீர்மானம். முந்திய மாதத்தில் நாங்கிங்கில் கூடிய மத்திய சுகாதாரக் குழு, பழைய வைத்தியத்தைப் படிப்படியாக ஒழித்துவிட வேண்டுமென்று முடிவு செய்திருந்தது. பழைய வைத்தியர் யாவரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும்; அவ்வைத்தியத்தைக் கற்பிக்கும் பாடசாலைகள் கூடா; அதைப் போற்றிப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தலும் கூடாது. இருப்பவர் மறைந்தால் அவரோடு வைத்தியமும் மறைந்துவிடும் என்பது கணக்கு.

இத்தீர்மானத்துக்கு மூலகாரணர் யூ யுன்சியு என்பவர். யப்பானிலே ஒசாக்கா நகரில் மேனாட்டு வைத்தியம் பயின்றவர். சீனரின் ஆதி வைத்திய நூலையே எதிர்த்து 1917இல் நூல் எழுதியவர். அவரை நாட்டுப்பற்றில்லாதவர் என்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நீதியாகாது. அவருடைய தலைமுறையினர் கண்ணால் கண்ட காட்சி ஒன்றுண்டு. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலே நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவிற்று. சில மாதங்களுள் ஏறக்குறைய 60,000 பேர் மாண்டனர். நாடி பார்க்கச் சென்ற பழைய வைத்தியர் பலர் நோயாளரோடு தாமும் மாண்டனர். நோயைத் தடுத்து நிறுத்தியவர் பினாங்கிலே பிறந்து கேம்பிரிட்ஜிலே வைத்தியம் கற்ற டாக்டர் வூ லியன்தே. அவர் பிணத்தை அறுத்துப் பார்த்தார். நோய் மூச்சின் வழியே தொற்றுகிறதென்று கண்டார். வாய்க்கும் மூக்கும் துணிக்கவசம் அணிவித்தார். உறைந்து கிடந்த பிணங்களை எரிப்பித்தார். நோய் அடங்கிற்று. இதைக் கண்டவர்கள், நாடியும் வாதபித்தம் போன்ற தத்துவங்களும் ஒரு நாட்டின் சுகாதாரத்தைக் காக்குமா என்று ஐயுற்றது இயல்பே.

எதிர்த்தரப்பாரிடத்திலும் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நாங்கிங்கில் விடை இல்லை. கோடிக்கணக்கான மக்கள் கிராமங்களில் வாழும் நாட்டில் மேனாட்டு முறை கற்ற வைத்தியர் சில ஆயிரவரே. அவர்களும் பெரும்பாலும் நகரவாசிகள். பழைய வைத்தியரின் கதவை மூடிவிட்டால், நள்ளிரவிலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட குடியானவன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஷாங்ஹாயிலிருந்து ஐவர் கொண்ட தூதுக்குழு நாங்கிங்குக்குச் சென்றது. தீர்மானம் நிறைவேறாமற் கிடப்பிலே போடப்பட்டது. மார்ச்சு 17 சீன வைத்தியரின் நினைவு நாளாயிற்று.

ஒழிப்பதா, காப்பதா என்னும் இந்தச் சண்டைக்கு முன்னரே மூன்றாவது வழியொன்றைச் சிலர் நாடியிருந்தனர். அவர்களுள் சாங் ஸீசுன் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1860இல் பிறந்து 1933இல் மறைந்த இவர் பழைய வைத்தியத்திலே ஊறியவர். சீன முறையை மதித்து மேனாட்டு முறையையும் அளாவும் நோக்குடன் பெருநூலொன்றை எழுதி, 1918 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதிலே கடுங்காய்ச்சலுக்கு அவர் வகுத்த முறையொன்று இன்றும் பேசப்படுகிறது. ஜிப்சம் என்னும் கல்லைக் காய்ச்சிய கஷாயத்தோடு ஜேர்மனியிலிருந்து வந்த அஸ்பிரினையும் கொடுப்பதே அம்முறை. அஸ்பிரின் வியர்வையை வருவித்து வெப்பத்தை வெளியேற்றும், கல்லின் குளிர்ச்சி உள்வெப்பத்தைத் தணிக்கும் என்பது அவர் தந்த விளக்கம். அஸ்பிரினையும் அவர் ஒரு சீன மருந்தாகவே கருதி, அதற்குச் சூடு, குளிர்ச்சி என்னும் குணம் வகுத்துவிட்டார். நோயாளிக்கு இதனால் நன்மை உண்டாகியிருக்கலாம். ஆயினும் அது அஸ்பிரினின் வேலையா, கல்லின் வேலையா என்று பிரித்தறிய அவரிடம் வழி இல்லை. இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றும் சேர்க்கையின் குறை இதுவே.

வேறு விதமான சேர்க்கையொன்று பீக்கிங் யூனியன் வைத்தியக் கல்லூரியில் நடந்தது. அமெரிக்காவிலே கல்வி கற்று 1923இல் அங்கு வந்த சென் கேஹுவே என்னும் இளைஞருக்கு, சீன வைத்தியரான அவருடைய உறவினர் ஒருவர் மா-ஹுவாங் என்னும் மூலிகையைப் பற்றிச் சொன்னார். இருமலுக்கும் இழுப்புக்கும் நெடுங்காலம் வழங்கிய மருந்து அது. அதன் சத்தாகிய எபெட்ரினை யப்பானியராகிய நாகாய் நாகயோசி 1885ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்திருந்தார். ஆனால் உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. சென், கார்ல் ஷ்மிட் என்பவருடன் சேர்ந்து அதை விலங்குகளிற் சோதித்தார். இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சுக் குழாயையும் அது எவ்வாறு தாக்குகிறதென்று அளந்து 1924இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் உலகெங்கும் இழுப்பு நோயாளர் அதை உட்கொண்டனர். இங்கே பழைய வைத்தியம் ஒரு செய்தியைக் கொடுத்தது. புதிய வைத்தியம் அதைச் சோதித்து அளவு கூறிற்று.

1949இல் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டு கூடிய தேசிய சுகாதார மகாநாடு, சீன வைத்தியரும் மேனாட்டு வைத்தியரும் ஒன்றுபட வேண்டுமென்ற கொள்கையை அறிவித்தது. பழைமை மீதுள்ள பற்றினால் மட்டும் எழுந்த கொள்கையன்று இது. வைத்தியர் பற்றாக்குறை அப்போதும் தீர்ந்தபாடில்லை. முதலில் சுகாதார உத்தியோகத்தர் பழைய வைத்தியரை மேனாட்டு உடற்கூற்றியல் கற்கும்படி பணித்தனர். சில ஆண்டுகளுள் அவ்வுத்தியோகத்தர் கண்டனத்துக்கு உள்ளாயினர், கட்டளை தலைகீழாயிற்று. 1955 டிசம்பரில் பீக்கிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சிக் கழகம் திறக்கப்பட்டது. மேனாட்டு முறை கற்றோர் இரண்டரை ஆண்டு பழைய நூல்களைப் பயிலும் வகுப்புக்களும் தொடங்கின. நேற்றுவரை ஆசிரியராயிருந்தவர் இன்று மாணவரானார். முகஞ்சுளித்தவரும் அவருள் இருந்திருப்பர். ஆயினும் இவ்வகுப்புக்களில் 1959 முதல் 1962 வரை பயின்ற ஒரு மருந்தியல் பட்டதாரி, பின்னர் உலகம் அறியும் பெயரானார். அவர் தூ யூயூ.

அவரைப் பற்றிக் கூறுமுன் பரவலான ஒரு தவறான கதையைத் திருத்துதல் தகும். 1971 சூலையில் பீக்கிங் சென்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. ஊசி குத்தியே அவரை மயக்கி அறுவை செய்தனர் என்று பலர் இன்றும் கூறுவர். அவருக்கு அளிக்கப்பட்டது வழக்கமான மேனாட்டு மயக்க மருந்தே. பின்னர் வயிற்று உப்புசத்தாலான வேதனைக்குத்தான் ஊசி குத்தினர். அவர் அதைத் தம் பத்திரிகையில் எழுதவே, அமெரிக்கரின் கவனம் அக்குபங்சர் மேல் திரும்பிற்று.

அதே ஆண்டில், வெளியுலகம் அறியாமல், பெரிய காரியமொன்று நடந்துகொண்டிருந்தது. வியட்நாம் யுத்தத்தில் காடுகளிலே நின்ற படைவீரரை மலேரியா வாட்டியது. வழக்கமான மருந்தாகிய குளோரோகுயின் பல இடங்களிற் பலிக்கவில்லை. வட வியட்நாமின் வேண்டுகோளின்மேல் சீனா 1967 மே 23ஆந் திகதி ஓர் இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மாதமும் திகதியும் சேர்த்து அதற்கு 523 என்று பெயரிட்டனர். மலேரியாவின் கொடுமையை இலங்கை நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 1934, 35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தை இத்தீவின் முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சென்றிருக்கின்றனர்.

கலாசாரப் புரட்சி விஞ்ஞானிகளை வயல்களுக்கு விரட்டிய காலம் அது. தூ யூயூவின் கணவரும் அவ்வாறு அனுப்பப்பட்டிருந்தார். 1969இல் ஆராய்ச்சிக் குழுவொன்றுக்குத் தலைவியான தூ, தம் நான்கு வயது மகளைப் பாலர் இல்லத்தில் விட்டு ஹைனான் தீவுக்குச் சென்று நோயாளரைக் கண்டார். பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர் வாய்மொழியாகவும் இரண்டாயிரம் மருந்து முறைகளைத் திரட்டி, அவற்றுள் 640ஐச் சிறு நூலாகத் தொகுத்தார். சாங்சான் என்னும் வேர் முன்னரே அறிந்தது. 1940களிற் சுங்கிங்கில் அதைச் சோதித்தோர், அது மலேரியாவைத் தணிக்கும், ஆனால் தாங்கமுடியாத வாந்தியை உண்டாக்கும் என்று கண்டிருந்தனர். ஆகவே வேறு மூலிகை தேடவேண்டியிருந்தது.

சிங்ஹாவ் என்பது அவற்றுள் ஒன்று. நம்மவர் தலையிற் சூடும் மரிக்கொழுந்தின் இனம். எலிகளிற் சோதித்தபோது அதன் சாரம் முதலில் நோய்க்கிருமியை 68 சதவீதம் தடுத்தது. மறுமுறை அதுவும் இல்லை. மருந்து இருக்கிறதா, இல்லையா? தூ மீண்டும் நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டினரான கே ஹொங், அங்கியின் கைக்குள் வைத்துக்கொள்ளத்தக்க அவசர வைத்திய நூலொன்று செய்திருந்தார். அதிலே இம்மூலிகையைக் காய்ச்சும்படி சொல்லவில்லை. ஒரு பிடி எடுத்து நீரில் ஊறவைத்துச் சாறு பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தார். சீன மருந்துகளிற் பெரும்பாலானவை கஷாயம். இது மட்டும் பச்சைச் சாறு. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்ற எண்ணம் தூவுக்கு உதித்தது. ஏறக்குறைய 35 பாகைச் சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாரத்தை எடுத்து, அதிலிருந்த அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபர் 4ஆந் திகதி 191ஆம் இலக்க மாதிரி எலியின் மலேரியாவை நூற்றுக்கு நூறு தடுத்தது.

விலங்குச் சோதனையில் நச்சுத்தன்மை பற்றிய ஐயம் எழுந்தது. காய்ச்சற் பருவமோ கடந்துகொண்டிருந்தது. 1972இல் தூவும் உடன் பணிபுரிந்தோர் இருவரும் வைத்தியசாலையில் தங்கி அம்மருந்தைத் தாமே உட்கொண்டனர். கேடில்லை என்று கண்ட பின்னரே ஹைனானில் 21 நோயாளருக்குக் கொடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் மருந்தின் தூய பளிங்கு கிடைத்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். யுன்னானிலும் ஷாண்டுங்கிலும் வேறு குழுவினர் அதைத் தனியே பிரித்தனர். லீ குவோசியாவ் என்பவர் மூளை மலேரியாவால் உணர்விழந்தோருக்கு அதைக் கொடுத்து எழுப்பினார். பின்னர் அதே திட்டத்திற் பிறந்த இரு மருந்துகள் ஒரு மாத்திரையிற் சேர்ந்தன. மூலிகையின் சத்திலிருந்து செய்த ஆர்ட்டிமெதர் விரைவிற் கிருமியைக் கொல்லும். ஆய்வுகூடத்திலே தொகுத்த லூமெபான்ட்ரின் நாட்கணக்காக இரத்தத்தில் நின்று எஞ்சியதைத் துடைக்கும். தனியே கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமென்று கருதி, ஆர்ட்டிமிசினினைத் தனி மருந்தாக விற்பதை நிறுத்தும்படி உலக சுகாதார தாபனம் 2006இல் உற்பத்தியாளரைக் கேட்டது.

2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தபோது பழைய வாதம் மறுபடியும் மூண்டது. சீன வைத்தியத்தின் வெற்றி என்றனர் ஒருசாரார். இரசாயனவியலின் வெற்றி என்றனர் மற்றவர். கே ஹொங்கின் குறிப்பு இல்லையேல் ஈதரை நாடத் தூவுக்குத் தோன்றியிராது. ஈதரும் எலியும் இல்லையேல், அந்நூலிலிருந்த பல நூறு முறைகளுள் எது மெய், எது பொய் என்று எவருக்கும் தெரிந்திராது. பழைய நூல்களிற் சிங்ஹாவ் என்னும் பெயர் எச்செடியைச் சுட்டிற்று என்பதிலேயே குழப்பம் உண்டு. மருந்துச் சத்து நிறைந்திருப்பது அப்பெயர் பூண்ட செடிகளுள் ஒன்றில் மட்டுமே.

செடியின் பெயர் மாறினால் என்ன நேரும் என்பதற்குப் பெல்ஜியத்திலே கொடிய சான்று உண்டு. 1990இல் பிரசெல்ஸ் நகரத்து உடல் மெலிவிக்கும் நிலையமொன்று, தன் மாத்திரைகளோடு சீன மூலிகைகளையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று பாங்ஜி. சீனத்தில் அப்பெயர் வெவ்வேறு குடும்பத்துச் செடிகளுக்கு வழங்கும். வந்திறங்கியதோ குவாங் பாங்ஜி என்னும் மற்றொரு வேர். அதிலுள்ள அரிஸ்தோலோக்கிய அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும். 1993இல் வைத்தியர்கள் இதை வெளியிட்டனர். நூறுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். பலருக்குச் சிறுநீரகம் மாற்றவேண்டியதாயிற்று. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது. பலநூறு ஆண்டு வழங்கிய மருந்துகளின் இனத்திலே இவ்விஷம் இருந்தும், பழைய வைத்தியர் அதைக் கண்டுகொள்ளாததன் காரணம் விளங்கக்கூடியதே. சிறுநீரகம் மெல்லக் கெடும். நோயாளி ஆண்டுகள் கழித்தே வீழ்வார். நாடி பிடித்த வைத்தியர் அன்றைய கஷாயத்தையும் இன்றைய வீக்கத்தையும் இணைத்துப் பார்க்க இயலாது. இங்கே புதிய வைத்தியம் இல்லாமற் பழையது தன் பிழையைத் தானே அறிந்திராது.

சீனா இவ்வினத்தைச் சேர்ந்த குவான் முத்தொங் என்னும் மருந்தை 2003இலும், குவாங் பாங்ஜியை 2004இலும் தன் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழ் வைத்தியர் அறிந்த ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பத்துச் செடிகள்; அவற்றிலும் அவ்வமிலம் உண்டு.