பின்னால் நிற்கும் மூன்று பேர்



போன வாரம் நம் குழுவில் கால்பந்து விவாதம் சூடாக நடந்தது. பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்துவது புதிய உத்தி என்றார் ஒருவர். அது தாத்தா காலத்து ஆட்டம் என்றார் இன்னொருவர். இருவருக்குமே மதிப்பெண் போடலாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1925 வரை ஆஃப்சைடு விதி கடுமையானது. பந்தை வாங்கப் போகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே, கோல் கீப்பரையும் சேர்த்து, எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதனால் பின்னால் இரண்டு பேர் போதும். ஒருவர் சட்டென்று முன்னே ஏறி நின்றால் விசில்தான். நியூகாஸில் அணியின் பில் மெக்ராக்கன் இதில் மகா கெட்டிக்காரர். கோல் வறண்டு போனது. 1925இல் மூன்றை இரண்டாக்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரே ஆண்டில் கோல்கள் 1,192இலிருந்து 1,703 ஆயின!

அந்த அக்டோபரில் ஆர்சனல், நியூகாஸிலிடம் 7-0 என்று உதை வாங்கியது. மூத்த ஆட்டக்காரர் சார்லி புக்கன் வற்புறுத்த, மேலாளர் ஹெர்பர்ட் சாப்மேன் நடுக்களத்தில் உலவிய சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்தார். பின்னால் 3, அடுத்து 2, அடுத்து 2, முன்னே 3. புள்ளி வைத்துக் கோடிழுத்தால் டபிள்யூவும் எம்மும் வரும். கரும்பலகை இல்லையே என்றிருக்கிறது எனக்கு. 1930களில் ஆர்சனல் ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. பிறகு எல்லோரும் காப்பியடித்தார்கள்.

இருபது ஆண்டுகளில் அது வேதவாக்காகிவிட்டது. 9ஆம் எண்காரரை 5ஆம் எண்காரர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1953 நவம்பர் 25, வெம்ப்ளி. ஹங்கேரியின் 9, ஹிடேக்குட்டி, முன்னே நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். இங்கிலாந்தின் 5, ஹாரி ஜான்ஸ்டன், பின்னாலேயே போனால் நடுவில் ஓட்டை. போகாவிட்டால் அவருக்குக் கேட்பாரில்லை. ஹிடேக்குட்டிக்கு மூன்று கோல், ஹங்கேரிக்கு 6-3 வெற்றி. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த அணியிடம் சொந்த மண்ணில் தோற்றிராத இங்கிலாந்து அது. ஜான்ஸ்டன் அதன்பின் நாட்டுக்காக ஆடவேயில்லை. அதே ஆண்டு மே மாதம் பிளாக்பூல் தலைவராக எஃப்.ஏ. கோப்பையை ஏந்தியவர், பாவம். படித்த பாடத்தில் இல்லாத கேள்வி வந்தால் பிள்ளை என்ன செய்யும்?

1958இல் பிரேசில் நான்கு பேரைப் பின்னால் வைத்து உலகக் கோப்பை வென்றதும், நான்குதான் நாகரிகம் என்றாயிற்று. ஆனால் எதிரணி முன்னே இரண்டு பேரை மட்டும் நிறுத்தினால், மூன்று பேர் காவலுக்குப் போதுமே, ஒருவர் உபரியாகவும் இருப்பாரே! இந்தக் கணக்கில்தான் பிலார்டோவின் அர்ஜென்டினா 1986இல் கோப்பை வென்றது. மரடோனா இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். பிறகு அணிகள் முன்னே ஒருவரையே நிறுத்தத் தொடங்கின. ஒருவரைப் பிடிக்க மூவர் எதற்கு? நடுக்களத்தில் ஆள் குறைகிறதே! மூவர் காவல் மெல்ல மங்கியது.

2016இல் செல்சியின் கான்டே, ஆர்சனலிடம் 3-0 தோற்றபின் மூன்றுக்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் வெற்றி, பட்டம்.

2023இல் மூன்று பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தை யூடியூபில் பாருங்கள். பந்து தங்களிடம் இருக்கும்போது தடுப்பாட்டக்காரர் ஸ்டோன்ஸ் நடுக்களத்துக்கு ஏறிவிடுவார். அந்த நொடியில் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து எண்ணுங்கள்: 3, 2, 2, 3. படம் வேண்டுபவர்கள் கேளுங்கள், தாளில் வரைந்து அனுப்புகிறேன்.