வான்வழித் தூரம்

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட வான்வழித் தூரத்தைத் தேசப்படத்தில் கோல் வைத்து அளத்தல் எளிது. ஆயின் படம் தட்டை. பூமியோ உருண்டை என்பதை நேயர்கள் அறிவர்.

பூமியின் வளைவையும் கணக்கிற்கொண்டு நம் நாட்டை அளக்கும் முயற்சி பெங்களூரில் தொடங்கிற்று. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் இந்நகருக்கு அருகே ஏழு மைலுக்கு மேற்பட்ட அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். பின்னர் அவர் நடத்திய அளவையினால், சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய படங்கள் காட்டிய 400 மைல், உண்மையில் 360 மைலே எனத் தெளிவாயிற்று.

2021 ஜனவரியில், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானமொன்று எங்கும் நில்லாது ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் இறங்கிற்று. காப்டன் சோயா அகர்வால் உள்ளிட்ட விமானிகள் நால்வரும் பெண்டிர். தட்டைப் படம் பசிபிக் மாகடலின் குறுக்கே வழி காட்டும். அவர்களோ வடதுருவத்தின் மீது பறந்தனர். இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகள் 160 பாகை விலகியிருப்பதால், துருவத்தை ஒட்டிய வழியே மிகக் குறுகியது.

மக்களைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு இந்நகரில் காத்திருந்த தமிழ்ப் பெற்றோர்க்கு இது வெறும் பூகோளக் கணக்கன்று. ஏறத்தாழ பதினேழு மணி நேரத்தில் பிள்ளைகள் வீடு சேரலாம் என்னும் ஆறுதலை அன்று அளித்தது அக்கணக்கே.