பெட்டியில் வந்த கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு காரோட வரலாறு. ஷோரூமில் சாவியை வாங்கிட்டு வர்ற கார் இல்லை. பெட்டி பெட்டியா வீட்டுக்கு வந்து, நாமே மாட்டி முடிக்கிற கார். இங்கிலாந்தில் இதுக்கு ‘கிட் கார்’னு பேர்.

நான் இதில் எப்படி மாட்டினேன்னு முதலில் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னாடி கவென்ட்ரியில் முதுகலை படிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தர். அங்கே வழக்கப்படி பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மனசுக்குள்ள மட்டும் ‘பெரியவர்’. ஒரு சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “பத்து நிமிஷம் உன் காலைக் கடன் தர முடியுமா?”ன்னு கேட்டார்.

காலையா? புரியாமலேயே போனேன். அவர் கராஜில் சதுர இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்த ஒரு சட்டம். அதில் நாலு சக்கரம், ஒரு எஞ்சின், ரெண்டு சீட். கதவு இல்லை, கூரை இல்லை. என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, பிரேக் பெடலை அமுக்கச் சொன்னார்.

பிரேக் குழாயில் எண்ணெயோடு காற்றுக் குமிழ் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிக்காது. அந்தக் காற்றை எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட இருக்கிற சின்ன நிப்பிளைத் திறக்கணும். எண்ணெயோடு குமிழ் வெளியே வரும். நிப்பிளை மூடின பிறகுதான் பெடலை விடணும். கொஞ்சம் முன்னாடி விட்டாலும் வெளிக்காற்று திரும்ப உள்ளே ஏறிடும்.

நான் முன்னாடியே விட்டுட்டேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. அவர் கோபப்படலை. “மறுபடியும்”னு மட்டும் சொன்னார். பத்து நிமிஷம் சாயங்காலம் வரைக்கும் ஆச்சு. அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க என் சனிக்கிழமைகள் அந்தக் கராஜில்தான் கழிஞ்சுது.

அங்கே ஒவ்வொரு நட்டை முறுக்கும்போதும் ஒரு கேள்வி இருந்துச்சு. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் ஒரு காரை வீட்டில் கட்டணும்? அதுக்குப் பதில் தேடினப்போ கிடைச்ச கதைதான் இது.

எல்லாம் ஒரு மலிவு காரில் தொடங்குகிறது

1922-இல் பர்மிங்ஹாம் பக்கத்தில் இருந்த ஆஸ்டின் கம்பெனி ‘ஆஸ்டின் 7’ என்ற குட்டிக் காரை வெளியிட்டது. நம்ம ஊருக்கு மாருதி 800 எப்படியோ, அவங்களுக்கு அது அப்படி. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கார். அதில் பெரும்பாலானவற்றில் இருந்தது வெறும் 747 சிசி எஞ்சின்.

முப்பதுகளின் முடிவில் பழைய ஆஸ்டின் 7-கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. காசில்லாத, ஆனால் வேகத்தில் ஆசையுள்ள இளைஞர்கள் அதை வாங்கி, மேல் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, லேசான தகட்டில் புது உடம்பு கட்டினார்கள். அதற்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். 1939-இல் இவர்களுக்காகவே ஒரு சங்கம் உருவானது. இன்றும் நடக்கிற 750 மோட்டார் கிளப் அதுதான். அந்த 750, எஞ்சின் அளவைக் குறிக்கும் எண்.

போருக்குப் பிறகு, 1948-இல், லண்டனில் பொறியியல் படித்த ஒரு இளைஞர் பழைய ஆஸ்டின் 7 ஒன்றைப் பிரித்துப் போட்டார். இடம், காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஷெட். காதலி ஹேசல் கூடவே நின்று வேலை செய்தார். அந்த இளைஞர் காலின் சாப்மன். 1952-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் லோட்டஸ். பின்னாளில் ஃபார்முலா 1-இல் உலக சாம்பியன் பட்டங்களை வென்ற அந்த லோட்டஸேதான். அந்தக் கதையின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு செகண்ட் ஹேண்ட் காரும், கூட நின்ற ஒரு ஆளும்.

வரி தந்த வரம்

இப்போ பணத்துக்கு வருவோம். அந்தக் காலத்து பிரிட்டனில் புது காருக்குக் கொள்முதல் வரி உண்டு. 1951-இல் அது 66 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் ஐம்பதுகள் முழுக்கக் கனமாகவே இருந்தது. ஆனால் ஒரு ஓட்டை. முழு காருக்குத்தான் அந்த வரி. உதிரி பாகங்களாக வாங்கினால் கிடையாது.

சாப்மன் 1957-இல் ‘லோட்டஸ் 7’ஐ வெளியிட்டார். சுமார் 500 கிலோ எடைதான். குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, ஃபோர்டு கம்பெனியின் சாதாரண எஞ்சின். முழு காராக வாங்கினால் 1,036 பவுண்டு. பெட்டியில் பாகங்களாக வாங்கினால் 536 பவுண்டு. கிட்டத்தட்ட பாதி விலை. மிச்சம் நம்ம உழைப்பு.

இதில் ஒரு வேடிக்கை. கட்டுவது எப்படி என்று வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தால், அது முழு கார் மாதிரி ஆகிவிடும், வரி வந்துவிடும். அதனால் சாப்மன், காரைப் பிரிப்பது எப்படி என்று எழுதிக் கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டே மாட்ட வேண்டியதுதான்! கிட் கார்க்காரர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பெரியவர் எனக்கு இதை மூணு தடவையாவது சொல்லியிருப்பார்.

லோட்டஸ் 7 மொத்தம் சுமார் 2,500 கார்கள் தயாரானது. அதில் கணிசமானவை இப்படி வீட்டுக் கராஜில் உயிர் பெற்றவை.

ஓட்டை அடைபட்டது, கார் சாகவில்லை

1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி பழைய கொள்முதல் வரி போய், மதிப்புக்கூட்டு வரி வந்தது. அது பெட்டியில் வரும் பாகங்களுக்கும் உண்டு. ஓட்டை அடைபட்டது. லோட்டஸும் 7-ஐக் கைவிட்டது.

கணக்குப்படி பார்த்தால் கதை இங்கே முடிஞ்சிருக்கணும். வரிக்காகப் பிறந்தது, வரி மாறினால் சாகணும். ஆனால் சாகலை. லோட்டஸ் 7-ஐ நீண்ட காலமாக விற்றுவந்த ஒரு டீலர், சர்ரே மாவட்டத்தின் கேட்டர்ஹாம் ஊரைச் சேர்ந்த கிரஹாம் நியர்ன், அதே 1973-இல் தயாரிப்பு உரிமையை வாங்கினார். லோட்டஸ் கடைசியாகச் செய்த நான்காம் வரிசைக் காரைச் சில காலம் செய்துவிட்டு, அடுத்த ஆண்டே எளிமையான மூன்றாம் வரிசைக்குத் திரும்பினார். அந்தக் ‘கேட்டர்ஹாம் 7’ இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. இன்றைக்கும் பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டலாம்.

அது மட்டுமில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிட் கார் கம்பெனிகள் புதுசு புதுசா முளைத்தன. டட்டன், வெஸ்ட்ஃபீல்ட் என்று பல பெயர்கள். வரிச் சலுகை போன பிறகு ஏன் இந்த வளர்ச்சி?

பெரிய காரணம் துரு. குளிர்காலத்தில் அங்கே பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். மழையும் உப்பும் சேர்ந்து காரின் உடம்பைத் தின்றுவிடும். 1960-இலிருந்து பழைய கார்களுக்கு ‘எம்.ஓ.டி.’ என்ற ஆண்டுச் சோதனை வேறு. உடம்பு துருப்பிடித்தால் ஃபெயில், காயலான் கடைதான் கதி. ஆனால் உள்ளே எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் நல்லாவே இருக்கும். ஃபோர்டு எஸ்கார்ட் அப்படிப்பட்ட கார். ஊர் முழுக்க இருந்தது, மேலே ஓட்டை, உள்ளே உயிர். அந்த உயிரை எடுத்துப் புது உடம்பில் வைப்பதுதான் எண்பதுகளின் கிட் கார்.

கூடு விட்டுக் கூடு பாயறதுன்னு நம்ம கதைகளில் வருமே, அதேதான்.

1996-இல் இது இன்னும் கீழே இறங்கியது. ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டிலிருந்தே சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஹேன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. இரும்புக் குழாயை எந்த நீளத்தில் வெட்டணும், எங்கே வெல்டிங் வைக்கணும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. பெட்டிகூட வாங்க வேண்டாம். இந்தக் கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் வந்தது. பழைய 750 மோட்டார் கிளப் இவற்றுக்கென்றே தனிப் பந்தயத்தையும் தொடங்கியது. பெரியவர் கட்டினது இந்த ரகம்தான். பக்கங்களில் கிரீஸ் கறை படிந்த அந்தப் புத்தகம் அவர் மேஜையில் எப்பவும் திறந்தே கிடக்கும்.

புத்தகத்தில் இல்லாதது

எல்லாம் புத்தகத்தில் இருந்தால் நான் எதுக்கு?

அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். ஸ்பானரைப் பிடிப்பார், முறுக்க முடியாது. “இன்னும் கால் திருப்பு... போதும், நிறுத்து. அந்த இறுக்கத்தை ஞாபகம் வச்சுக்கோ”ன்னு சொல்வார். அந்த இறுக்கத்தை எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இன்னொரு கராஜில் இன்னொருத்தர் அவருக்குக் காட்டினது அது.

கடைசியில் அரசுப் பரிசோதனை இருந்துச்சு. வீட்டில் கட்டின காரை அங்கே சாலையில் ஓட்ட ‘ஐ.வி.ஏ.’ என்ற சோதனையில் பாஸ் ஆகணும். பிரேக், விளக்கு, புகை, கூரான விளிம்பு எதுவும் துருத்திக்கிட்டிருக்கான்னு எல்லாம் பார்ப்பாங்க. முதல் தடவை ஃபெயில். ஒரு போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கிட்டிருந்துச்சு, மூடி போட மறந்தது நான்தான். ரெண்டாவது தடவை பாஸ். நான் ஊருக்குத் திரும்ப ரெண்டு வாரம் இருந்தப்போ அந்தக் காரில் முதல் தடவை பிரதான சாலைக்குப் போனோம். ஒரு சிக்னலில் பிரேக் பெடலை மிதிச்சார். கல் மாதிரி உறுதியா நின்னுச்சு. ஒண்ணும் பேசாம என் காலைப் பார்த்துச் சிரிச்சார்.

என் கேள்விக்கு அன்னைக்குத்தான் பதில் கிடைச்சுது. வரிச் சலுகை இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவச்சுது, அவ்வளவுதான். காப்பாத்தினது, தெரிஞ்சவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுத்த அந்தச் சனிக்கிழமைகள். அங்கே கூட்டங்களில் நான் பார்த்த தலைகளில் பாதிக்கு மேல் நரைத்தவை. அவங்க பயம் வரியைப் பத்தி இல்லை. அடுத்து யாருக்குச் சொல்லிக் கொடுக்கறதுன்னுதான்.

நம்ம ஊர் 796 சிசி

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைன்னு நினைச்சீங்களா? கோயம்புத்தூருக்கு வாங்க. எண்பதுகளின் பிற்பகுதியில் எஸ். கரிவர்தன் என்ற பந்தய வீரர், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, தன் சொந்தச் சட்டத்தில் வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைக் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. ஆஸ்டின் 7 கதையேதான். ஊரின் மலிவு காரிலிருந்து ஒரு பந்தயக் கார். அதில் ஓட்டப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனவர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்தது.

நம்ம நாட்டில் வீட்டில் கட்டின காரைச் சாலைக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பாதுகாப்பை நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பந்தயத் தடம் திறந்துதான் இருக்கு. அதே கரி ஸ்பீட்வேயில்தான் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி நடந்திருக்கு. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டின கார்களைக் கொண்டுவந்து ஓட்டுற போட்டி அது.

உங்க காலேஜில் அப்படி ஒரு டீம் இருந்தா, ஒரு நாள் அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் போய் நில்லுங்க. ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவாயில்லை. பிரேக்கில் காற்று எடுக்கணும்னா ரெண்டாவதா ஒரு ஆள் கண்டிப்பா வேணும். அவங்க மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் பெடலை மட்டும் விட்டுடாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.